அம்மாப்பேட்டை தாண்டினால் நிற்கும் கார்

கார் நின்றதும் நான் முதலில் செய்கிற வேலை, மடியில் இருக்கும் கைப்பையை எடுத்துக் கால்மாட்டில் வைப்பதுதான். உடனே கிளம்பப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். என் கணவருக்கு மட்டும் அது ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி. சாவியைத் திருப்புவார். இன்ஜின் இருமும். மறுபடியும் திருப்புவார். பிறகு நான்தான் எதையோ செய்துவிட்டதுபோல என் பக்கம் திரும்பி, "ஒனக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்பார்.

"ஒன்னும் கேக்கலைங்க. ஓடிட்டிருந்துச்சு, நின்னுடுச்சு."

"சும்மா நிக்குமா? ஏதாவது சத்தம் வந்திருக்கும். நீ போனப் பாத்துட்டிருந்திருப்ப."

என்னைவிட இரண்டு வயது மூத்த கார் அது. கும்பகோணத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் தென்னை மட்டைகளோடு கிடந்ததை, பணி ஓய்வு பெற்ற அடுத்த மாதமே இவர் போய் வாங்கிக்கொண்டு வந்தார். வெளிர் பச்சை நிறம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் படுத்த படுக்கையாக இருந்தது. கதவைச் சாத்தினால் இரும்புப் பீரோ சாத்துகிற சத்தம். எனக்கு அதில் பிடித்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

இவர் சர்வேயராக இருந்தவர். பட்டா, சிட்டா, அடங்கல் என்று வேலைக்காலம் முழுக்க வரப்பிலேயே நடந்தவர். சங்கிலி இழுத்து இழுத்துத் தோல் கறுத்து, செருப்புத் தேய்ந்து, வெயிலில் வீடு வந்து சேர்ந்த மனிதர். ஒரு கார் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதை நான் குறை சொல்லவில்லை. நல்லதாக, புதிதாக, ஏசி போட்டதாக ஒன்றை வாங்கியிருக்கலாமே என்றுதான் கேட்டேன். "புதுக் காரு எவன் வேணா ஓட்டுவான்" என்றார்.

வாங்கிய புதிதில் கார் நன்றாகத்தான் ஓடியது. இரண்டு முறை வேளாங்கண்ணி போய் வந்தோம். சீர்காழியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கும் போனோம். அதற்கப்புறம் வண்டியைப் பெயின்ட் அடிக்க விட்டார். அடித்து வந்ததும் பளபளவென்று இருந்தது. அதற்கப்புறம்தான் நிற்க ஆரம்பித்தது.

நாங்கள் இருக்கும் தஞ்சாவூருக்குள் நிற்காது. மார்க்கெட்டுக்குப் போகும், கோவிலுக்குப் போகும், புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வரும். வேளாங்கண்ணிக்கு என்று கிளம்பி, சாலியமங்கலம் தாண்டி, அம்மாப்பேட்டையையும் தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக வருகிற இடத்தில் இழுவை குறையும். இரண்டு குலுக்கு குலுக்கும். நின்றுவிடும்.

முதல் தடவை நின்றபோது இவர் இறங்கி, பின்பக்கம் போய், டேங்க் மூடியைத் திறந்து, தன்னுடைய பழைய மர அளவுகோலை உள்ளே விட்டு, பெட்ரோல் எவ்வளவு நனைத்திருக்கிறது என்று பார்த்தார். நிறைய இருந்தது. மூடிப் பூட்டிவிட்டு முன்பக்கம் வந்து பானெட்டைத் தூக்கினார். அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தார்.

"சூடாயிடுச்சு சார். பம்புல பெட்ரோலு கேஸாயிடும். தண்ணி ஊத்துங்க" என்று தன் பாட்டிலில் இருந்த தண்ணீரையே ஊற்றினார். ஈரத் துணியையும் சுற்றிவிட்டார். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிட்டது. லாரிக்காரரின் கையைப் பிடித்து இவர் குலுக்கிய குலுக்கில் அந்த மனிதர் கூச்சப்பட்டுப் போனார். அதற்கப்புறம் எங்கள் காரில் எப்போதும் ஒரு குடம் தண்ணீரும் ஒரு பழைய துண்டும் இருந்தன.

அடுத்த தடவையும் அதே போல நின்றது. அளவுகோலை விட்டுப் பார்த்தார். குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். ஆனால் இந்த முறை அவருக்கே நம்பிக்கையில்லாமல், சாவியைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். அவர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே இருந்த பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார். "கரன்ட்டு சரியா வரல" என்றார். வண்டி கிளம்பியது. அப்போதிலிருந்து உப்புத்தாளும் காரில் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது தடவை, இவர் அளவுகோலை விட்டுப் பார்த்து முடித்ததும், என் தம்பி வந்தான். எங்கள் அம்மா வீடு நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் அப்பா காலத்தில் அந்த ஊரில் யாராவது ஒருவர் வயலில் கூலிக்கு நாற்று நடுவோம். இப்போது தம்பி சொந்தமாக நிலம் வைத்திருக்கிறான், டிராக்டர் வைத்திருக்கிறான், அதனால் சக்கரம் உள்ள எதைப் பற்றியும் அவனுக்கு ஒரு கருத்து உண்டு. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவன், திருப்புளியின் கைப்பிடியால் கார்பரேட்டரை நாலு தட்டுத் தட்டினான்.

"உள்ள பெட்ரோல்ல மெதக்குற மெதவை மாட்டிக்கிட்டிருக்கு அத்தான். இப்பப் பாருங்க."

கிளம்பியது.

"நான் சொல்லல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை.

இப்படி ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒவ்வொன்றும் பலித்தது. அதுதான் எனக்கு எரிச்சல். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். ஒரே நோயாளிக்குத் தண்ணீர் ஊற்றினாலும் சரியாகிறது, தேய்த்தாலும் சரியாகிறது, தட்டினாலும் சரியாகிறது என்றால், இந்த மூன்றில் எதுவும் மருந்து இல்லை என்று அர்த்தம். வார்டில் இதைப் பார்த்திருக்கிறேன். தானாக இறங்குகிற காய்ச்சலுக்கு நாலு பேர் பெயர் வாங்குவார்கள். இதை இவரிடம் சொன்னேன்.

"இது மிஷினும்மா. ஒடம்பு இல்ல" என்றார்.

தஞ்சாவூரில் இவருக்கு ஒரு வாடிக்கை மெக்கானிக் உண்டு. மரியாதையான மனிதர். என்ன சொன்னாலும் "பாத்துடலாம் சார்" என்பார். பிளக்கை மாற்றினார். கண்டென்சரை மாற்றினார். காயிலை மாற்றினார். பெட்ரோல் பம்பைக் கழற்றிப் புது டயாபிராம் போட்டார். கார்பரேட்டரைப் பிரித்துத் தட்டில் பரப்பிக் கழுவி மறுபடி பூட்டினார். ஒவ்வொரு தடவையும் இருவரும் பெரிய கோவிலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டு வந்து, "பஞ்சு மாதிரி ஓடுது" என்பார்கள். பெரிய கோவிலைச் சுற்ற எத்தனை நேரம் ஆகும்? டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் வலியில்லை என்று சொல்லும் நோயாளி மாதிரி, அந்தக் கார் மெக்கானிக் கண்ணில் படும்போதெல்லாம் சுகமாக இருந்தது.

போதாக்குறைக்குச் செல்போனில் ஒரு குழு. பழைய கார் வைத்திருப்பவர்கள் நாடு முழுக்க இருந்து அதில் பேசிக்கொள்வார்கள். சாப்பிடும்போதும் இவர் கண் அதில்தான் இருக்கும். "இப்ப வர்ற பெட்ரோல்ல ஆல்கஹால் கலக்குறாங்களாம். ரப்பரத் தின்னுடுமாம்" என்பார். ரப்பர் குழாய் எல்லாம் மாற்றப்பட்டது. அடுத்த நாள், "எர்த் சரியில்லாம இருக்கலாமாம்" என்பார். ஒயர் மாற்றப்பட்டது. பாத்திரத்தில் குழம்பு ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும்.

நான் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முகம் தொங்கிப்போகும். மனிதர் இத்தனை வயதில் இப்படி முகத்தைத் தொங்கப்போட்டால் எப்படிப் பஸ் ஏறுவது? மறுபடியும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவேன்.

குறுவை அறுப்பு நேரத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்குக் காது சூடாகிறது. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிர்ப் பக்கம் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. நடுவில் கிடைத்த சந்தில் போகும்போது எங்கள் கார் குலுங்கியது. இவர் ஓரம் கட்டுகிறேன் என்று ஒடித்தார். நேராக நெல்லின் மேல் ஏறி நின்றது.

நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்தார்.

"யோவ், கண்ணு தெரியல? நெல்லு மேல கொண்டாந்து நிறுத்துற?"

"நிறுத்தலம்மா. நின்னுடுச்சு."

"நின்னுடுச்சுன்னா எடு. இன்னிக்கி ஈரம் பாத்துத்தான் எடுப்பாங்க. மழ வேற மூட்டமா இருக்கு."

"எடுக்கத்தான் முடியல."

"எடுக்க முடியாத வண்டிய எதுக்குய்யா எடுத்துக்கிட்டு வந்த?"

இதே கேள்வியை நான் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஒரு அறுப்பு மிஷின், எல்லாம் ஹாரன். டிராக்டரில் காத்திருந்தவர்கள் இறங்கி வந்து காரைத் தள்ளினார்கள். நானும் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கரம் நசுக்கிய இடத்து நெல்லை அந்த அம்மாளோடு சேர்ந்து கையால் கூட்டினேன். என் கணவர் பின்னால் போய் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் களேபரத்தில் டிராக்டர்க்காரர் ஒருவர் எதையோ முறுக்கினார், கார் கிளம்பியது. அவர் எதை முறுக்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லையே என்று இவர் வேளாங்கண்ணி வரைக்கும் புலம்பினார்.

அப்புறம் இவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஈசிச்சேரில் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டக் கூடாது, குனியக் கூடாது, தூசியில் போகக் கூடாது. அந்த வாரம் என் தம்பியின் பேத்திக்கு ஊர்ச் சர்ச்சில் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற பூசை. நான் போய்த்தான் ஆக வேண்டும்.

"பஸ்ல போயிட்டு வந்துடறேங்க."

"வண்டி ஓடாம நின்னா பேட்டரி எறங்கிடும். ஆபரேஷனுக்கு முன்னாடியே டேங்க ஃபுல் பண்ணி வச்சிருக்கேன். ஒன் தம்பிய வரச்சொல்லு, அவன் ஓட்டட்டும்."

பேத்தியின் விசேஷத்தை வைத்துக்கொண்டு, காலை பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூருக்கு வந்தான் தம்பி. அவனுக்கு அந்தக் காரை ஓட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருந்தது என்பது வேறு விஷயம். நான் வெள்ளைப் பட்டுப் பாவாடையும் மெழுகுவர்த்தியும் அடங்கிய பையோடு ஏறினேன். சாலியமங்கலத்துக்குள் நுழைவதற்கு முன்பே வண்டி குலுங்கி நின்றது. வழக்கத்தைவிடச் சீக்கிரம்.

"பெட்ரோல் இருக்கான்னு பாரு" என்றேன், பழக்க தோஷத்தில்.

டேங்க் மூடி பூட்டியிருந்தது. சாவியைத் தேடினால் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன்.

"மூடிச் சாவி என் கொத்துல இருக்கு. எதுக்கு? ஃபுல்லா இருக்குன்னுதான் சொன்னேனே. தண்ணி ஊத்தச் சொல்லு."

தம்பி தண்ணீர் ஊற்றினான். கிளம்பவில்லை. கார்பரேட்டரைத் தட்டினான், முதலில் மெதுவாகவும் பிறகு கோபத்தோடும். கிளம்பவில்லை. உப்புத்தாள் போட்டான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். அத்தனை நாள் பலித்த எந்த வைத்தியமும் அன்றைக்குப் பலிக்கவில்லை. மணி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சாமியார் பூசையை ஆரம்பித்திருப்பார்.

ஸ்கூட்டரில் வந்த ஒருவரிடம் கேட்டு, குடிதண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் வாங்கி, தம்பி கார்பரேட்டர் வாயில் ஊற்றினான். "இப்பத் திருப்புக்கா" என்றான். திருப்பினேன். சட்டென்று உயிர் வந்தது. ஊற்றிய பெட்ரோல் தீர்ந்ததும் அடங்கியது. மறுபடி ஊற்றினான். மறுபடி ஓடி, மறுபடி அடங்கியது.

"கரன்ட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பெட்ரோல் வரமாட்டேங்குது" என்றான் தம்பி.

"டேங்க் நெறய இருக்கே?"

"இருக்கு. பம்பு புதுசு. குழாயும் புதுசு. ஆனா வரமாட்டேங்குது." சட்டையெல்லாம் கரி. விசேஷத்துக்கென்று எடுத்த சட்டை.

புளியமரத்து நிழலில் நின்றுகொண்டு நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட, வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களைக் கேட்பதுபோல் என்னையே கேட்டுக்கொண்டேன். எப்போதிலிருந்து இருக்கிறது? பெயின்ட் அடித்து வந்ததிலிருந்து. எப்போது அதிகம்? டேங்க் நிறைய இருக்கும்போது. ஊருக்குள் நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு ஓட்டினால் வருவதில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் தேறவில்லை? மற்ற நாட்களில் செய்தது எல்லாவற்றையும் தம்பி செய்துவிட்டான். செய்யாதது ஒன்றே ஒன்று. மூடியைத் திறக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சலைன் கண்ணாடிப் பாட்டிலில் வரும். தலைகீழாகத் தொங்கவிட்டு, ரப்பர் மூடியில் டியூப் ஊசியைக் குத்தினால் மட்டும் போதாது. பக்கத்தில் இன்னொரு ஊசியும் குத்த வேண்டும், காற்று உள்ளே போவதற்கு. அதைக் குத்த மறந்தால் கொஞ்ச நேரம் சொட்டும். அப்புறம் சொட்டாது. பாட்டில் நிறைய மருந்து இருக்கும், ஊசி சரியாக இருக்கும், நரம்பு சரியாக இருக்கும், ஆனால் ஒரு சொட்டு இறங்காது. இறங்குகிற அளவுக்குக் காற்று உள்ளே போனால்தானே இறங்கும்? இப்போது வருவது பிளாஸ்டிக் பாட்டில், அதுவே சுருங்கிக் கொடுக்கும். அதனால் இந்த ஊசியை இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

பெயின்ட் அடித்த சமயத்தில்தான், தெருவில் நிறுத்தியிருந்த காரிலிருந்து யாரோ பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள் என்று இவர் பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பூட்டுப் போட்ட பளபளப்பான புது மூடி வாங்கி மாட்டினார். வேறு எந்த வண்டிக்கோ செய்த மூடி. உள்ளே தடியாக ஒரு ரப்பர் வாஷர்.

"தம்பி, ஒன்னும் செய்யாத. சும்மா இரு கொஞ்ச நேரம்" என்றேன்.

"சும்மா இருந்தா எப்படிக்கா?"

"இருந்து பாக்கலாம்."

வெகுநேரம் சும்மா இருந்தோம். எங்கேயோ ஒரு இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழைந்திருக்க வேண்டும். பிறகு திருப்பியபோது வண்டி கிளம்பி, கொஞ்ச தூரம் போய் நின்றது. மறுபடி உட்கார்ந்தோம், மறுபடி கிளம்பியது. இப்படியே தவழ்ந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து பந்தியும் பாதி முடிந்திருந்தது. குழந்தை வேறு யாருடைய பாவாடையையோ கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தாள். தம்பி மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவாடைப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வந்தேன்; காரை மறுநாள் விடிகாலையில் தம்பி நின்று நின்று ஓட்டிக்கொண்டுவந்து விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து என்னைப் பார்த்தார்.

"மூடியா?"

"ஆமாங்க. காத்து போக வழியில்ல."

"மூடின்னா மூடத்தானேம்மா செய்யும்?"

ஊசிக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டாலே ஒப்புக்கொள்ளப் போவதில்லை என்று அர்த்தம். மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"எல்லா மூடியிலயும் சின்னதா ஓட்டை இருக்குமே சார். அது கம்பெனியிலயே போட்டு வரும்" என்றார் மெக்கானிக்.

"கேட்டியா?" என்றார் இவர்.

"இந்த மூடியில இருக்கான்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்துடலாங்கம்மா" என்றார் மெக்கானிக். இவர் போனை அணைத்துவிட்டார். மறுநாள் நானே சாவியை எடுத்துப் போய் மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினேன். ஓட்டை இல்லை. "பூட்டு இருக்குற எடத்துல உள்ள எங்கயாவது இருக்கும்" என்றார் இவர். கண் சரியாகும்வரை இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம் என்றார். அந்தச் சில வாரங்கள் நான் அனுபவித்த எரிச்சலைச் சொல்லி முடியாது. டாக்டர்கள் கேட்காததுகூட எனக்குப் பழகிய விஷயம். "சிஸ்டர், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நான் சொன்னதையே மறுநாள் கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். அவர்களோடு நான் குடித்தனம் நடத்தவில்லை. இவருக்குத் தினமும் கண்ணில் சொட்டு மருந்து விட்டவள் நான். "தலையச் சாய்ங்க" என்று சொன்னால் சாய்க்கிறார், "மூடியப் பாருங்க" என்று சொன்னால் பார்க்கமாட்டேன் என்கிறார்.

கண் தேறியதும் ஒரு நிபந்தனை போட்டேன். டேங்கை நிரப்ப வேண்டும். வேளாங்கண்ணி ரோட்டில் போக வேண்டும். நின்றால், யாரும் பானெட்டைத் தொடக் கூடாது. ஒப்புக்கொண்டார். நான் சொன்னது தப்பு என்று காட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சாலியமங்கலம் போனோம். தாண்டினோம். இவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அடுத்த மதகு வருவதற்குள் கார் குலுங்கி நின்றது. வாழ்க்கையில் முதல் முறையாக அது நின்றதில் எனக்குச் சந்தோஷம்.

"நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மத்தியான நேரம், ரோட்டில் வண்டி இல்லை, நட்டு முடித்த சம்பா வயலில் கொக்குகள் மட்டும் நின்றன. சாவியைப் போட்டு மூடியைத் திருகினேன். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. முந்தானையைச் சுற்றிப் பலமாகத் திருகியதும், உஸ்ஸ்ஸ் என்று நீளமாக, மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, "இப்பத் திருப்புங்க" என்று கத்தினேன். இரண்டு திருப்பில் கிளம்பியது.

"தற்செயலா இருக்கும்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு எனக்கு நேரம் இருந்தது. அம்மாப்பேட்டை தாண்டியதும் மறுபடி நின்றது. "இந்தத் தடவை நீங்க போய்த் திறங்க" என்று சாவியைக் கொடுத்தேன். போனார். பக்கக் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருகினார், முக்கினார், திறந்தது. அப்படியே நின்றார். மறுபடி மூடினார், திறந்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்வே கல்லைத் தேடிக் காணாமல் நிற்கும்போது அவர் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.

"இந்த மூடிய வாங்கிட்டு வந்தது ஒன் தம்பிதானே?" என்றார்.

"நீங்க வாங்கினீங்க."

"அவன்தான் பூட்டு வச்சது வாங்கச் சொன்னான்."

"அவன் அப்ப ஊர்லயே இல்லைங்க."

மூடியை இறுக்காமல் சும்மா வைத்து, மேலே குடத்தோடு இருந்த பழைய துண்டைக் கட்டிக்கொண்டு மிச்ச தூரத்தையும் போனோம். வேளாங்கண்ணி வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லை. மறுநாள் மெக்கானிக் அந்த மூடியில் மெல்லிய ஓட்டை ஒன்று போட்டுக் கொடுத்தார். "அம்மாதான் கண்டுபுடிச்சாங்க" என்று தன் பட்டறையில் இருந்தவர்களிடம் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது மெக்கானிக்கின் மனைவி. என் கணவர் சொல்லவில்லை. அவர் தன் செல்போன் குழுவில், 'நீண்ட ஆராய்ச்சிக்குப் பின்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதியிருந்தார். கண்ணாடி சலைன் பாட்டில் உதாரணமும் அதில் இருந்தது. கீழே நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள். படித்துவிட்டுப் போனை அவரிடமே கொடுத்தேன். "எழுத்துப் பிழை இருக்கு, திருத்துங்க" என்று மட்டும் சொன்னேன்.

இதற்குப் பிறகாவது நிம்மதி வந்திருக்க வேண்டும். வேறு தொல்லை வந்தது. வண்டி நிற்பதில்லை என்று ஆனதும் இவரும் நிறுத்துவதில்லை.

மார்கழியில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று கிளம்பினோம். மன்னார்குடியில் டீ குடிக்கலாம் என்றேன். "நல்லா ஓடுது, ஓட விடு" என்றார். திருத்துறைப்பூண்டியில் எனக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றார். ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் எல்லோரும் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றார்கள். இவர் மட்டும் ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமிக்கொண்டே இருந்தார். பக்கத்து வேன்காரர் எட்டிப் பார்த்தார்.

வேதாரண்யத்தில் நான் சத்தம் போட்டதும்தான் ஒரு டீக்கடை ஓரமாக ஒதுக்கினார். நான் இறங்கி, கடைக்காரம்மாவிடம் கேட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டு வந்து, இரண்டு டீ வாங்கினேன். அவர் இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

"எறங்கி வாங்க."

"இங்கயே குடு."

"அணைச்சுட்டுக் குடிங்க."

"பரவால்ல, குடு."

டீயை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ள ஒரு கையை எடுத்ததும், நான் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். அத்தனை சத்தமும் ஒரேயடியாக அடங்கியது. உப்புக் காற்று வீசுவது கேட்டது. இவர் என்னை முறைத்தார். டீ டம்ளரை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

கொஞ்ச நேரம் அது ஓடுவதைக் கேட்டார். பிறகு தானே அணைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்து, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"டீ ஆறிப்போச்சு" என்றார்.

"வேற வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு என் டீயைக் குடித்தேன்.